மூளை ரத்தக்கசிவுக்குப் பின் எடுக்கப்படும் ஸ்கேன்கள்: நோயாளியின் பக்கம் நின்று மதிப்பிடுவது எப்படி

மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்ட ஒருவருக்கு முதல் மணி நேரத்தில் தொடங்கும் ஸ்கேன்கள் பல மாதங்கள் வரை தொடர்கின்றன. முதலில் சி.டி., பிறகு மறு சி.டி., ரத்தக்குழாய்களைப் பார்க்க ஆஞ்சியோ, அதன்பின் எம்.ஆர்.ஐ., மறுபரிசோதனைக்கு வரும்போது இன்னொன்று என்று அந்த வரிசை நீள்கிறது. என் அப்பாவுக்கு 67 வயதில் அப்படியொரு கசிவு ஏற்பட்டு, கோவில்பட்டியில் தொடங்கி மதுரையில் சிகிச்சை தொடர்ந்தபோது, இந்த ஸ்கேன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு இல்லை என்பதை நேரில் கண்டேன். சில ஸ்கேன்கள் சிகிச்சையின் திசையையே தீர்மானித்தன. வேறு சில, எடுத்திருந்தாலும் எடுக்காமல் விட்டிருந்தாலும் அவருக்கு நடக்கப்போவதில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்கியிருக்காது. எது எந்த வகை என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள நோயாளிக்கும் குடும்பத்துக்கும் வழி உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவள். ஒரு மருத்துவப் பரிசோதனையை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி எனக்குப் பாடமாகப் பழக்கமானது. ஃப்ரைபேக், தார்ன்பரி என்ற இருவர் 1991இல் கதிரியல் பரிசோதனைகளுக்கு ஆறு படிகள் கொண்ட ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். படம் தெளிவாக விழுகிறதா என்பது முதல் படி. நோயைச் சரியாக அடையாளம் காட்டுகிறதா என்பது இரண்டாவது. மருத்துவரின் கணிப்பை மாற்றுகிறதா என்பது மூன்றாவது. சிகிச்சையை மாற்றுகிறதா என்பது நான்காவது. நோயாளியின் நிலையை மேம்படுத்துகிறதா என்பது ஐந்தாவது. சமூகம் செலவிடும் பணத்துக்கு அது தகுமா என்பது ஆறாவது. கருவி விற்பவர்களின் விளம்பரங்கள் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடும். படுக்கையில் கிடப்பவருக்கு வேண்டியவை நான்காவதும் ஐந்தாவதும். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான, நோயாளி மைய விளைவுகளை ஆராயும் நிறுவனமான பிக்கோரியும் தன் ஆய்வு நெறிகளில் இதையே வலியுறுத்துகிறது: பரிசோதனை எந்தச் சூழலில், யாருக்கு, எந்த முடிவை எடுப்பதற்காகச் செய்யப்படுகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும், அதன் பயனை நோயாளிக்கு முக்கியமான விளைவுகளைக் கொண்டு அளக்க வேண்டும். ஆய்வாளர்களுக்காக எழுதப்பட்ட இந்த நெறிகளை மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் ஒரு மகளும் பயன்படுத்த முடிந்தது.

அப்பாவுக்குக் காலையில் வலக்கையும் வலக்காலும் தளர்ந்து பேச்சுக் குழறியபோது 108 ஆம்புலன்ஸை அழைத்தோம். அப்போது எடுக்கப்பட்ட சாதாரண சி.டி.யைப் பற்றி எவருக்கும் ஐயம் இருக்கத் தேவையில்லை. ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால் வரும் பக்கவாதத்துக்கும், குழாய் கசிந்ததால் வரும் பக்கவாதத்துக்கும் வெளியே தெரியும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றே. எவ்வளவு அனுபவம் வாய்ந்த மருத்துவரும் நோயாளியைப் பார்த்து மட்டும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் சிகிச்சைகள் நேரெதிரானவை: அடைப்புக்கு நாலரை மணி நேரத்துக்குள் அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுகிறார்கள், அதே ஊசியைக் கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிரே போகக்கூடும். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில் 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்படும் வரை, மண்டையைத் திறக்காமல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் எளிய வழி மருத்துவ உலகிடம் இருக்கவில்லை. புதிய ரத்தம் சி.டி.யில் வெள்ளையாகத் தெரியும். படமெடுக்கச் சில நிமிடங்கள் போதும். ரத்தக்குழாய்களைப் படத்தில் காட்டும் மருந்தை ஊசியில் ஏற்றத் தேவையில்லை. ஆறு படிகளையும் இந்த ஸ்கேன் தாண்டிவிடுகிறது. தலைக்கு எடுக்கும் ஒரு சி.டி.யின் கதிர்வீச்சு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். இந்த வயதில், இந்த நிலையில் அதை எண்ணித் தயங்குவதற்கு இடமே இல்லை.

அந்த முதல் ஸ்கேன் அறிக்கையில் இடப்பக்க மூளையின் ஆழ்பகுதியில் ரத்தக்கசிவு என்று மட்டும் இருந்தது. எவ்வளவு ரத்தம் என்பதோ, அது மூளையின் நீரறைக்குள் புகுந்திருக்கிறதா என்பதோ எழுதப்படவில்லை. மதுரையில் அப்பாவைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் அளவு எழுதாத அறிக்கையைப் பாதி அறிக்கை என்றே கருதினார். கசிந்து உறைந்த ரத்தக்கட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி இரண்டால் வகுத்தால் மில்லிலிட்டரில் தோராயமான கனஅளவு கிடைத்துவிடும். அப்பாவுக்கு நாலு, மூன்று, மூன்று. ஆகவே 18 மில்லிலிட்டர். இந்த எண் வெறும் விவரம் அன்று. 30 மில்லிலிட்டரைத் தாண்டினால் ஆபத்து கூடும். சிறுமூளையில் என்றால் அதைவிடக் குறைந்த அளவே அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோகும். எந்த மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், எவ்வளவு நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும் என்பனவெல்லாம் இதைச் சார்ந்தே முடிவாகின்றன. எனவே அறிக்கை கைக்கு வந்ததும் இடம், அளவு, நீரறையில் ரத்தம் உண்டா இல்லையா என்ற மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கதிரியல் மருத்துவரிடமோ சிகிச்சை தரும் மருத்துவரிடமோ பணிவாகக் கேளுங்கள். கேட்டால் அளந்து சொல்வார்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கசிவின் அளவு, இடம், வயது, நினைவு நிலை ஆகியவற்றைக் கூட்டிப் பிழைக்கும் வாய்ப்பை மதிப்பிடும் அளவைகள் உள்ளன. அவை ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்பவை. படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பற்றிய தீர்ப்பாக அவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னதாக எந்த விருப்பத்தையும் தெரிவித்திராத நோயாளிக்கு, சிகிச்சையைக் குறைக்கும் முடிவை முதல் நாளில் எடுக்காமல் குறைந்தது இரண்டாம் நாள் முழுதாக முடியும் வரையாவது பொறுத்திருப்பது தகும் என்று அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. "படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்று முதல் இரவிலேயே யாராவது சொன்னால், அந்தப் பேச்சை மறுநாளைக்குத் தள்ளிவைக்குமாறு கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு.

மதுரைக்குக் கிளம்புமுன் என் தம்பி கோவில்பட்டியிலேயே நின்று, ஃபிலிமோடு நில்லாமல், படங்கள் முழுவதும் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்கிவந்தான். அவனுடைய நண்பர் ஒருவர் ஸ்கேன் மையத்தில் டெக்னீஷியனாக இருப்பவர்; அவர் தொலைபேசியில் சொன்ன அறிவுரை அது. ஃபிலிமில் தேர்ந்தெடுத்த துண்டுகள் மட்டுமே சிறிதாக அச்சாகியிருக்கும். அதிலிருந்து துல்லியமாக அளப்பது கடினம். டிஸ்க்கில் எல்லாத் துண்டுகளும் அளவுகோலோடு இருக்கும். மதுரையில் மீண்டும் சி.டி. எடுக்க வேண்டும் என்றபோது, வேறொரு மருத்துவமனைக்கு வந்தால் பழையதைப் பார்க்காமலே மறுபடி எடுக்கும் வழக்கம்தானோ என்று எங்களுக்குத் தோன்றியது. அது அப்படி இல்லை. மூளைக் கசிவு முதல் நாளில் பெருகக்கூடியது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகர ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், அறிகுறி தோன்றிய மூன்று மணி நேரத்துக்குள் படமெடுக்கப்பட்ட 103 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோருக்கு முதல் இருபது மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டி குறிப்பிடத்தக்க அளவு வளர்ந்திருந்தது. அப்பாவுக்கும் 18 மில்லிலிட்டர் ஏறத்தாழ 24 ஆகியிருந்தது. பழைய படம் கையில் இல்லாதிருந்தால் 24 என்பது ஒரு தனி எண்ணாக நின்றிருக்கும். கசிவு இன்னும் நடந்துகொண்டிருந்தது என்பது தெரிந்திருக்காது. ஒப்பிட முடிந்ததால் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140க்கு அருகில் நிலைநிறுத்துவதில் கூடுதல் கவனம் எடுத்து, தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே அவரை வைத்துக்கொண்டார்கள். மறு ஸ்கேனின் மதிப்பில் பெரும்பகுதி முந்தைய ஸ்கேனில்தான் இருக்கிறது.

அதன்பிறகு நிலைமை தணிந்தது. அப்பா கண் திறந்து எங்களைப் பார்த்தார், சொன்னதைச் செய்தார், கசிவின் அளவு கூடுவதும் நின்றுவிட்டது. அப்போதும் இன்னொரு சி.டி. எழுதப்பட்டிருந்தது. முடிவு எப்படி வந்தாலும் அவருக்குத் தரும் சிகிச்சையில் ஏதாவது மாறுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்து, "அய்யா நல்லா முழிச்சிருக்கார். உணர்வு மங்கினாலோ, தலைவலியோ வாந்தியோ கூடினாலோ உடனே எடுப்போம். அதுவரைக்கும் வேண்டாம்மா" என்று சொல்லி அதை நீக்கினார். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒருவரை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோய் வருவது எளிய காரியமில்லை. மருந்து ஏறும் குழாய்கள், ஆக்சிஜன், ரத்த அழுத்தம் ஏறி இறங்குவது எல்லாம் அதில் உண்டு. மணிக்கொரு முறை செவிலியர் கண்ணின் பாவையில் வெளிச்சம் அடித்து, பெயரைக் கேட்டு, கையை அழுத்தச் சொல்லிக் குறித்துவைத்த தாள் அந்த நாள்களில் ஸ்கேனைவிட அதிகம் சொன்னது. அந்தக் கேள்வியை நான் எதிர்ப்பாகக் கேட்கவில்லை, மருத்துவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கேட்கும் தொனி முக்கியம். சந்தேகப்படுவதுபோல் கேட்டால், பாதுகாப்புக்காக எடுத்துவிடலாம் என்ற பதிலே பெரும்பாலும் வரும்.

ஆஞ்சியோ பற்றிய பேச்சு எழுந்தபோது, அப்பாவின் நிலையைப் பக்கத்துப் படுக்கையின் நிலையோடு சேர்த்துப் பார்க்க நேர்ந்தது. அங்கே பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆன இளம்பெண் ஒருவர் இருந்தார். அவருக்கும் கசிவுதான், ஆனால் மூளையின் மேற்புறத்தில். அவருக்கு உயர் ரத்த அழுத்தம் இல்லை. அவருடைய மூளையிலிருந்து ரத்தத்தைத் திரும்பக் கொண்டுசெல்லும் சிரைகளை எம்.ஆர். முறையில் படமெடுத்தபோது சிரையில் அடைப்பு இருப்பது தெரிந்தது. அடைப்பால் பின்னுக்குத் தேங்கிய ரத்தமே கசிந்திருந்தது. ஆகவே கசிவு இருந்தும்கூட அவருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கினார்கள். கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும், அதுவே இந்த நோய்க்கு ஏற்கப்பட்ட சிகிச்சை. ஒரே ஒரு ஸ்கேன் சிகிச்சையை முற்றிலும் எதிர்த்திசைக்குத் திருப்பியது.

அப்பாவின் கதை வேறு. பல ஆண்டுகளாக ரத்த அழுத்தம். மாத்திரை ஒழுங்காக எடுத்துக்கொள்வதில்லை. கசிவு ஏற்பட்ட இடமும் ரத்த அழுத்தத்தால் குழாய்கள் கசியும் ஆழ்பகுதி. நெதர்லாந்தில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 298 நோயாளிகளுக்கு ரத்தக்குழாய்ப் படங்கள் எடுத்துப் பார்த்ததில் 69 பேருக்கு, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, குழாய்ப் புடைப்பு அல்லது பின்னிக்கொண்ட குழாய்கள் போன்ற மறைந்த காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. மேலோட்டமாகப் படித்தால் எல்லோருக்கும் ஆஞ்சியோ வேண்டும் என்றே தோன்றும். ஆனால் 45 வயதைத் தாண்டி, உயர் ரத்த அழுத்தமும் இருந்து, ஆழ்பகுதியில் கசிவு ஏற்பட்டவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை, ஏனென்றால் அவர்களிடம் அப்படிப்பட்ட காரணம் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அப்பா அந்தச் சேர்க்கப்படாத வகையைச் சேர்ந்தவர். மேலும் அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு சற்று உயர்ந்திருந்தது. ஆஞ்சியோவுக்கு ஏற்றும் மருந்து சிறுநீரகத்துக்குச் சுமையாகலாம். இவற்றையெல்லாம் எடைபோட்டு மருத்துவர் ஆஞ்சியோ வேண்டாம் என்று முடிவு செய்தார். ஓர் ஆய்வின் எண்ணைக் கேட்டவுடன், நம் வீட்டு நோயாளியைப் போன்றவர்கள் அந்த ஆய்வில் இருந்தார்களா என்று கேட்பது எவராலும் செய்யக்கூடியது. வயது இளமையாகவோ, ரத்த அழுத்தம் இல்லாமலோ, கசிவு மேற்புறத்திலோ இருந்தால் நிலைமை அப்படியே மாறிவிடும். அப்போது ஆஞ்சியோ வேண்டாமா என்று குடும்பமே முன்வந்து கேட்க வேண்டும்.

சில வாரங்கள் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இதைப் பற்றி விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நோயாளி உண்மையில் படும் பாடு எந்த அறிக்கையிலும் பதிவாவதில்லை. குறுகிய குழாய்க்குள் அரை மணி நேரம் அசையாமல், பெரும் சத்தத்துக்கு நடுவே படுத்திருக்க வேண்டும். பயம் வந்தால் அழுத்துவதற்கு ஒரு ரப்பர் பந்தைக் கையில் தருவார்கள். அப்பாவுக்கு அதை வலக்கையில் வைக்கப் போனார்கள். அந்தக் கைதான் செயலிழந்தது. இடக்கைக்கு மாற்றச் சொல்லி, மாற்றி, ஒரு முறை அழுத்திக் காட்டச் செய்தபிறகே உள்ளே அனுப்பச் சம்மதித்தோம். பேச்சு இழந்தவரால் தன் உடலில் என்ன உலோகம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. இதய ஸ்டென்ட், பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, பழைய அறுவைச் சிகிச்சையில் போட்ட கிளிப், கண்ணில் புகுந்த இரும்புத்துகள் என்று எல்லாவற்றையும் உடன்வருபவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பாவின் இதய ஸ்டென்ட் எம்.ஆர்.ஐ.க்குத் தடையில்லை என்று அதன் அட்டையைப் பார்த்து உறுதி செய்தார்கள். அந்த அட்டையை அம்மா ஆண்டுக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்தது பயன்பட்டது. எவ்வளவு நேரம் ஆகும், எப்படிச் சத்தம் வரும் என்று அப்பாவின் காதருகே முன்பே மெதுவாகச் சொன்னோம். பேச முடியாதவர்களுக்குக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் பெரும்பாலும் ஓரளவேனும் இருக்கும். அவர்களிடம் சொல்லாமலே தூக்கி உள்ளே வைப்பது அவமதிப்பு. ஒரு பரிசோதனையின் தரத்தில் இதுவும் அடக்கம் என்றே நான் கருதுகிறேன்.

அறிக்கையை மருத்துவரைப் பார்க்குமுன்பே கவுண்டரில் எங்கள் கையில் கொடுத்தார்கள். பழைய கசிவின் சுவடு, வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம், வெண்பொருளில் மாற்றங்கள், சைனஸ் வீக்கம், பல இடங்களில் நுண்கசிவுகள் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே எழுத்தளவில் அச்சிட்டிருந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு அன்றிரவு தூங்கவில்லை. இவற்றில் சைனஸ் வீக்கத்துக்கும் வந்த நோய்க்கும் தொடர்பே இல்லை. சுருக்கம் அந்த வயதில் எதிர்பார்க்கக்கூடியதே. எம்.ஆர்.ஐ.யில் புள்ளிகளாகத் தெரியும் பழைய மிகச் சிறு கசிவுகளான நுண்கசிவுகள் மட்டுமே ஒரு முடிவோடு தொடர்புடையவை. கேட்கப்பட்ட கேள்வி என்ன, முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் என்ன மாற்றம், அந்தக் கேள்விக்குப் பதில் என்ன என்ற வரிசையில் ஓர் அறிக்கை எழுதப்பட்டால் இந்த வேதனையில் பாதி குறையும். நாங்கள் அடுத்த முறை ஸ்கேன் சீட்டிலேயே கேள்வியை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொண்டோம். அவர் மகிழ்ச்சியோடு எழுதினார்.

அந்த நுண்கசிவுகளை முன்னிட்டு எழுந்த கேள்வி ஆஸ்பிரின் பற்றியது. ஸ்டென்ட் வைத்த நாள் முதல் அப்பா ஆஸ்பிரின் எடுத்துவந்தார். கசிவு வந்ததும் நிறுத்தப்பட்டது. இதய மருத்துவர் மீண்டும் தொடங்க விரும்பினார். வேறொரு மருத்துவர் எம்.ஆர்.ஐ.யைப் பார்த்துவிட்டு இனி வாழ்நாள் முழுதும் கூடாது என்றார். பிரிட்டனில் 537 பேரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட ரீஸ்டார்ட் என்ற ஆய்வைப் பற்றி நரம்பியல் மருத்துவர் எங்களிடம் எடுத்துச் சொன்னார். கசிவுக்குப் பின் ஆஸ்பிரின் வகை மருந்தை மீண்டும் தொடங்கியவர்களுக்குத் தொடங்காதவர்களைவிட மறு கசிவு அதிகமாக வரவில்லை. எம்.ஆர்.ஐ.யில் நுண்கசிவுகள் இருந்தவர்களைத் தனியே பார்த்தபோதும், அவர்களுக்கு இந்த மருந்து குறிப்பாகத் தீங்கு செய்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. எண்ணிக்கை சிறியது என்பதால் அதை இறுதி வார்த்தையாகக் கொள்ள முடியாது என்றும் அவரே சேர்த்துச் சொன்னார். படத்தில் ஒன்று தெரிவதாலேயே சிகிச்சை மாறிவிட வேண்டும் என்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை. இரு மருத்துவர்களும் பேசி, அப்பாவின் இதய நிலையையும் கட்டுக்குள் வந்துவிட்ட ரத்த அழுத்தத்தையும் கருதி, குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினார்கள். இது அவருக்கான முடிவு. இன்னொருவருக்கு இதே படத்தோடு வேறு முடிவு சரியாக இருக்கலாம். எவரும் இதைப் படித்துவிட்டுத் தாமாக மாத்திரையைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் உறவினர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி, ரத்தம் கரைந்துவிட்டதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தீர்களா என்பதே. கசிந்த ரத்தம் வாரக்கணக்கில் தானாகக் கரையும். கரைந்ததைப் படத்தில் பார்ப்பதால் கை எழுவதில்லை. கசிவுக்கான காரணம் தெளிவாகாதபோதும், ரத்தத்துக்குப் பின்னே மூளைக் கட்டியோ குழாய்க் கோளாறோ மறைந்திருக்கலாம் என்ற ஐயம் உள்ளபோதும் சில மாதங்கள் கழித்து எடுக்கும் ஸ்கேன் அவசியமானது. அதைத் தவறவிடக் கூடாது. அப்பாவுக்கு அந்த ஐயம் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தவை தன் கையால் சோறு பிசைந்து உண்பதும், பேரனைப் பெயர் சொல்லி அழைப்பதும். இந்த இரண்டையும் எந்தப் படமும் காட்டாது. ஆகவே ஸ்கேனுக்காக ஒதுக்கிய பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்கும் இயன்முறைப் பயிற்சிக்கும் திருப்பினோம். வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கி, காலையும் மாலையும் குறித்துவைக்கிறோம். 130க்கு 80 என்பது மருத்துவர் தந்த இலக்கு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள் என்பதால் மாத்திரை தீர்ந்துபோய் நிற்கும் பழைய நிலை இல்லை. மறு கசிவைத் தடுப்பதில் இந்தக் குறிப்பேட்டுக்கு நிகரான ஸ்கேன் எதுவுமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆவணங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மருத்துவப் பதிவுகளை நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கூறுகிறது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனமும் பதிவுகளைப் பெறும் உரிமையையும் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கும் உரிமையையும் அங்கீகரிக்கிறது. டிஸ்க், ஃபிலிம், அறிக்கை மூன்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள்; படங்களைக் கணினியில் நகலெடுத்தும் வையுங்கள், ஏனென்றால் டிஸ்க்குகள் கீறல் விழுந்து திறக்காமல் போவதுண்டு.

கடந்த மறுபரிசோதனையில் அடுத்த ஸ்கேன் எப்போது என்று மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டோம். திடீரென்று கடும் தலைவலி, காரணமில்லாத வாந்தி, புதிதாகக் கை கால் தளர்வு, வலிப்பு, நினைவு மங்குதல், தலையில் அடிபடும்படி விழுதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் அந்த நிமிடமே 108ஐ அழைத்து சி.டி. இருக்கும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், பழைய டிஸ்க்கையும் எடுத்துச் செல்ல வேண்டும். இவை எதுவும் இல்லாதவரை ஸ்கேன் தேவையில்லை. அடுத்த வருகைக்கு ரத்த அழுத்தக் குறிப்பேடும் கிரியாட்டினின் அறிக்கையும் போதும்.